நகரத்தில் சைக்கிள் வலையமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவில் சைக்கிளுக்கு இடம் கேட்டு மனு கொடுப்பவர்களும், அந்த இடத்தை வரைபடத்தில் ஒதுக்க வேண்டிய பொறியாளர்களும் எழுப்பும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். இரு தரப்புக்கும் பயன்படும்படி, அளவுகளோடு பதில் தந்திருக்கிறோம்.

விழிப்புணர்வுப் பிரச்சாரம் போதாதா? தடம் கட்டியே தீர வேண்டுமா?

பிரச்சாரம் ஞாயிற்றுக்கிழமைப் பேரணிக்கு ஆள் சேர்க்கும். அதே ஆள் திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது முதுகுக்குப் பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்தால், செவ்வாய்க்கிழமை சைக்கிளை எடுக்க மாட்டார்.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநகராட்சியில் சைக்கிள் திட்டத்தைக் கவனித்த ரோஜர் கெல்லர், 2006-இல் ஊர் மக்களை நான்கு வகையாகப் பிரித்தார். எந்தச் சாலையிலும் அஞ்சாமல் ஓட்டுபவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஓரளவு வசதி இருந்தால் ஓட்டுபவர்கள் 7 சதவீதம். என்ன செய்தாலும் ஓட்டாதவர்கள் 33 சதவீதம். மீதி 60 சதவீதம் பேருக்கு ஆசையும் உண்டு, பயமும் உண்டு. இது அனுபவத்தால் சொன்ன மதிப்பீடு. ஊருக்கு ஊர் எண்கள் மாறும். ஆனால் ஆசையும் பயமும் சேர்ந்த கூட்டம்தான் எங்கும் பெரியது. அவர்களுக்காகத்தான் தடம். ஏற்கெனவே துணிந்து ஓட்டுபவருக்கு மட்டும் பொருந்துகிற தடம் புதிதாக ஒருவரைக்கூட சைக்கிளில் ஏற்றாது.

ஸ்பெயினில் செவில் நகரம் 2006-இல் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் சுமார் 120 கிலோமீட்டர் தனித் தடத்தை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டியது. அதற்கு முன் அங்கே சைக்கிளில் நடந்த பயணம் 1 சதவீதத்துக்கும் குறைவு. பிறகு அது 6 சதவீதத்தை ஒட்டி உயர்ந்தது. கோடையில் வெயில் கொளுத்தும் ஊர் அது. சைக்கிள் பழக்கம் ஏறக்குறைய அற்றுப்போயிருந்த ஊரும்கூட.

முதலில் ஒரே ஒரு சாலையில் மாதிரித் தடம் போட்டுப் பார்க்கலாமா?

போடலாம். ஆனால் அதன் முடிவை வைத்து "மக்கள் வரவில்லை" என்று தீர்ப்பு எழுதக் கூடாது. நெதர்லாந்து 1970-களில் இதைச் செய்து பார்த்தது. தி ஹேக், டில்பர்க் ஆகிய இரு நகரங்களில் தலா ஒரு நேர்த்தியான தடம் கட்டினார்கள். பக்கத்துத் தெருக்களில் ஓட்டியவர்கள் அதற்கு மாறினார்களே தவிர, ஊரில் சைக்கிள் ஓட்டுவோர் பெரிதாகக் கூடவில்லை. 1980-களில் டெல்ஃப்ட் நகரம் வேறு வழியில் போனது. ஒரு தடத்தை மெருகேற்றாமல், ஊர் முழுக்க அறுந்துகிடந்த இணைப்புகளை ஒட்டியது: இங்கே ஒரு சிறு பாலம், அங்கே ஒரு சுரங்கப்பாதை, ஒருவழித் தெருக்களில் சைக்கிளுக்கு எதிர்த்திசை அனுமதி. அங்கே பயன்பாடு கூடியது.

காரணம் எளிது. ஒருவர் சைக்கிளை எடுப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது, போகிற வழியில் உள்ள மிக மோசமான 100 மீட்டர்தான். நான்கு கிலோமீட்டர் அருமையான தடம் ஒரு ஆறுவழிச் சந்திப்பில் முடிந்தால், அந்த வழியே பயணமே இல்லை.

வலையின் கண்ணி எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும்?

அடர்ந்த பகுதிகளில் 250 முதல் 500 மீட்டருக்கு ஒரு தடம். டெல்ஃப்டில் மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். ஊரைக் கடக்கும் முதன்மைத் தடங்கள் ஏறத்தாழ 500 மீட்டர் இடைவெளியிலும், வட்டாரத் தடங்கள் 200–300 மீட்டரிலும், குடியிருப்புத் தடங்கள் 100–150 மீட்டரிலும் அமைந்தன. கடைசி அடுக்குக்குப் பெரும்பாலும் எதுவும் கட்ட வேண்டியதில்லை. வண்டி வேகம் குறைவான தெருவே தடம்தான்.

வரையத் தொடங்கும்போது தெருக்களை மறந்துவிடுங்கள். பள்ளி, ரயில் நிலையம், சந்தை, மருத்துவமனை, பெரிய வேலையிடங்கள் ஆகியவற்றைப் புள்ளி வைத்து, குடியிருப்புகளிலிருந்து அவற்றுக்கு நேர்கோடுகள் இழுங்கள். கோடுகள் தடிமனாகச் சேரும் இடத்துக்கு அருகில் உள்ள தெருக்களை அதன் பிறகு தேடுங்கள். "எந்தச் சாலையில் இடம் மிச்சம் இருக்கிறது" என்று தொடங்கினால், யாரும் போகாத திசையில் அகலமான தடம் கிடைக்கும்.

எங்கே தனித் தடம் வேண்டும், எங்கே வண்டிகளோடு கலந்து ஓட்டலாம்?

இரண்டு எண்களைப் பாருங்கள்: வேகம், வண்டிகளின் எண்ணிக்கை. வண்டிகள் உண்மையில் மணிக்கு 30 கி.மீ.க்கு உட்பட்டு ஓடி, நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிக்குக் கீழ் போனால் கலந்து ஓட்டலாம். இரண்டில் ஒன்று மீறினாலும் தனித் தடம் தேவை. பலகையில் எழுதிய வேகம் கணக்கில் வராது. கருவி வைத்து அளந்த வேகமே கணக்கு.

30-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் பார்வைக்குச் சிறிது. ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், காய்ந்த தார்ச்சாலையில் 30-இல் வரும் கார் ஏறத்தாழ 13 மீட்டரில் நின்றுவிடும். 50-இல் வரும் கார் அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் கடந்திருக்கும். அதாவது முதல் கார் நின்ற இடத்தில் இரண்டாவது கார் பிரேக்கைக்கூடத் தொட்டிருக்காது. மோதலின் ஆற்றலும் வேகத்தின் இருமடியாக ஏறுவதால், அடி 2.8 மடங்கு பலமாக விழும்.

குடியிருப்புத் தெருவில் வண்டி எண்ணிக்கையை எப்படிக் குறைப்பது?

வேகத்தடைகள் வேகத்தைக் குறைக்கும், எண்ணிக்கையை அவ்வளவாகக் குறைக்காது. குறுக்குவழியாகப் பாயும் வண்டிகளை நிறுத்த, தெருவின் நடுவில் ஓரிடத்தில் தடுப்புத் தூண்களை நடுவதே வழி. எல்லா வீட்டுக்கும் கார் போகலாம். ஆனால் ஊடுருவி மறுபக்கம் போக முடியாது. சைக்கிளும் நடப்பவரும் போகலாம். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் 1977-இல் தன் நகர மையத்தையே இப்படி நான்கு பகுதிகளாக்கியது. ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் போக வேண்டுமென்றால் சுற்றுச்சாலைக்கு வெளியே வந்துதான் திரும்ப நுழைய வேண்டும். பெல்ஜியத்தின் கென்ட் 2017-இல் அதே முறையைப் பின்பற்றியது. கிலோமீட்டர் கணக்கில் தடம் கட்டும் செலவில்லாமல் ஊரின் பாதித் தெருக்களைச் சைக்கிளுக்கு ஏற்றதாக்கும் கருவி இது. ஏனோ, கடைசியில்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது.

தூண்களுக்கு நடுவே 1.5 மீட்டர் வழி விடுங்கள். அதற்குக் குறைந்தால் மூன்று சக்கர சைக்கிளும் சுமை சைக்கிளும் மாற்றுத்திறனாளிகளின் வண்டியும் நுழையாது. வழிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கட்டும். மூன்று வழி இருந்தால் இரு திசையில் வருபவர்களும் நடு வழியைக் குறிவைத்து முட்டிக்கொள்வார்கள். தூணில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை கட்டாயம். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் போகும் வழியென்றால், சாவி போட்டுக் கழற்றும் தூணை அந்தத் துறைகளோடு பேசி வையுங்கள்.

வெள்ளைக் கோடு போட்டுச் சைக்கிள் படம் வரைந்தால் போதுமா?

போதாது. நெரிசலான சாலையில் அந்தக் கோடு ஒரு வாரத்துக்குள் பார்க்கிங் ஆகிவிடும். நிறுத்திய கார்களை ஒட்டிக் கோடு போட்டால் இன்னும் மோசம்; திறக்கும் கதவு ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே வரும், கோடு சைக்கிளை நேராக அதற்குள் கொண்டுபோய் விடும்.

தடத்தின் அகலம் எவ்வளவு?

ஆள் அமர்ந்த சைக்கிளின் அகலம் சுமார் 0.75 மீட்டர். ஓடும்போது அசைவுக்கும் சேர்த்து ஒரு மீட்டர். எனவே ஒருவழித் தடத்தில் ஒருவரை ஒருவர் முந்த வேண்டுமென்றால் 2 மீட்டர் அடிப்படை, கூட்டமிருந்தால் 2.5 மீட்டர் அல்லது அதற்கும் மேல். இருவழித் தடத்துக்கு 3 மீட்டர், கூடுமானால் 4. முந்துவதற்கு இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பார்கள். பத்து வயதுக் குழந்தையும் மின் சைக்கிளில் வருபவரும் ஒரே தடத்தில்தான் போகிறார்கள். முந்த இடமில்லையென்றால் வேகமானவர் சாலைக்கு இறங்குவார், மெதுவானவர் பதறுவார். பேசிக்கொண்டே பக்கத்துக்குப் பக்கம் ஓட்டுவதும் அதே 2 மீட்டரில்தான் நடக்கும். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து பள்ளிக்குப் போவது அப்படித்தான்.

வரைபட அகலம் வேறு, ஓட்டக்கூடிய அகலம் வேறு. உயரமான ஓரக்கல் இருந்தால் அந்தப் பக்கம் 20 செ.மீ. வீணாகும், சுவரோ வேலியோ இருந்தால் 50 செ.மீ. இழந்த அகலத்தைக் கூட்டிக் கொடுங்கள். வடிகால் ஓடை, தெருவிளக்குக் கம்பம், மின்பெட்டி எதையும் தடத்துக்குள் கணக்கிடாதீர்கள். நிறுத்திய கார்களுக்கும் தடத்துக்கும் நடுவே 0.8 முதல் 1 மீட்டர் இடைவெளி வேண்டும்.

சாலையின் இரு பக்கமும் ஒருவழித் தடமா, ஒரே பக்கத்தில் இருவழித் தடமா? பக்கத் தெருக்கள் அதிகமுள்ள சாலையில் முதலாவதையே எடுங்கள். தெருவிலிருந்து வெளியே வரும் ஓட்டுநர் வண்டிகள் வரும் பக்கம் மட்டும் பார்ப்பார். எதிர்த்திசையில் வரும் சைக்கிள் அவர் கண்ணில் படாது. ஆற்றங்கரை, ரயில்பாதை ஓரம் போல ஒரு பக்கம் தெருவே இல்லாத இடத்துக்கு இருவழித் தடம் பொருந்தும்.

விபத்துகள் எங்கே நடக்கின்றன? சந்திப்புகளை எப்படி அமைப்பது?

நகரத்துக்குள் பெரும் ஆபத்து சந்திப்பில்தான். பணத்தில் பெரும்பங்கு அங்கே போக வேண்டும்; நடப்பதோ நேர்மாறு. நடுவில் அழகான தடம் கட்டி, சந்திப்புக்கு 30 மீட்டர் முன்பு "தடம் முடிந்தது" என்று பலகை வைத்துவிடுகிறார்கள்.

மிகக் கொடிய மோதல் இது: சைக்கிள் நேராகப் போகிறது, பக்கத்தில் வந்த லாரி ஓரப் பக்கம் திரும்புகிறது. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் அது இடது திருப்பம். லாரியின் முன்மூலையை ஒட்டி நிற்கும் சைக்கிள், லாரி ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது. லாரி திரும்பும்போது பின்சக்கரம் உள்வெட்டாக வந்து ஏறும். இதைத் தடுக்க மூன்று வேலைகள் செய்ய வேண்டும்.

முதலாவது, முனை வளைவை இறுக்குவது. ஆரம் 10 மீட்டராக இருக்கும் முனையில் வண்டிகள் வேகம் குறையாமல் திரும்பும். 3–4 மீட்டராகச் சுருக்கினால் பிரேக் பிடித்தே ஆக வேண்டும். பஸ்ஸும் லாரியும் திரும்ப, முனையில் சற்றே உயர்ந்த கரடான கல்தளம் அமையுங்கள். கனரக வண்டியின் பின்சக்கரம் அதன்மேல் ஏறிப் போகும், கார்கள் ஒதுங்கிச் சுற்றும்.

இரண்டாவது, சைக்கிள் கடக்கும் இடத்தைச் சாலையோரத்திலிருந்து 4–5 மீட்டர் உள்ளே தள்ளுவது. திரும்பும் கார் பாதி வளைவு முடித்து, ஏறக்குறைய நேருக்கு நேர் சைக்கிளைப் பார்க்கும். அந்த 5 மீட்டரில் ஒரு கார் பின்னால் வருபவர்களை மறிக்காமல் நின்று வழிவிட முடியும். ஒரு மீட்டர் மட்டும் தள்ளினால் பார்வையும் கிடைக்காது, நிற்க இடமும் கிடைக்காது. பாதி அளவில் செய்வது செய்யாமல் விடுவதைவிட மோசமாகும் இடம் இது. பெரிய சந்திப்புகளில் முனையில் ஒரு சிறு தீவு கட்டினால், நிற்கும் சைக்கிளுக்கு அது கேடயமும் ஆகும்.

மூன்றாவது, பக்கத் தெரு முகப்புகளில் நடைபாதையையும் சைக்கிள் தடத்தையும் அதே உயரத்தில், அதே தரைப்பொருளில் நேராகத் தொடர்வது. கார்தான் சரிவில் ஏறி, கடந்து, இறங்க வேண்டும். யாருக்கு முன்னுரிமை என்பதைத் தரையே சொல்லிவிடும்.

முனைக்கு முன் 10 மீட்டருக்குக் கார் நிறுத்தவும் விளம்பரப் பலகை வைக்கவும் இடம் தராதீர்கள். பார்வை மறைந்தால் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது.

சிக்னலில் என்ன மாற்ற வேண்டும்?

சிக்னல் நேரங்கள் பெரும்பாலும் காருக்குக் கணக்கிட்டவை. 25 மீட்டர் சந்திப்பை 50 கி.மீ. வேகக் கார் 2 நொடிக்குள் கடந்துவிடும். 15 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிளுக்கு 6 நொடி; 12 கி.மீ.யில் போகும் சிறுவனுக்கு ஏழரை நொடி. பச்சை முடியும் கணத்தில் நுழைந்தவர் நடுவில் இருக்கும்போதே குறுக்குச் சாலைக்குப் பச்சை விழும். எனவே இரண்டு பச்சைகளுக்கு நடுவிலான இடைநேரத்தைச் சைக்கிளின் வேகத்துக்குக் கணக்கிடுங்கள்.

திரும்பும் வண்டிகள் அதிகமென்றால் சைக்கிளுக்குத் தனிப் பச்சை கொடுங்கள். அது முடியாத இடத்தில் 4–5 நொடி முன்பச்சையாவது, அதாவது காருக்கு முன்பே சைக்கிளுக்கு விழும் பச்சையாவது வேண்டும். அது நின்றுகொண்டிருப்பவரை மட்டும்தான் காக்கும். பச்சையின் நடுவில் வந்து சேர்பவருக்கு உதவாது. கோபன்ஹேகனின் நோரெப்ரோகேட சாலையில் சிக்னல்களை 20 கி.மீ. வேகத்துக்கு வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். காலையில் நகர மையத்தை நோக்கியும் மாலையில் வெளியே போகும் திசையிலும், அந்த வேகத்தில் ஓட்டுபவர் கால் ஊன்றாமல் பச்சையிலேயே போகலாம்.

நடைபாதையிலேயே சைக்கிளை விட்டால் என்ன?

நகர மையத்தில் வேண்டாம். முதியவர்களும் பார்வையற்றவர்களும் அஞ்சி ஒதுங்குவார்கள், சைக்கிளும் நடை வேகத்துக்கு இறங்கும். பஸ் நிறுத்தத்தில் தடத்தை நிழற்குடையின் பின்புறமாகச் சுற்றி விடுங்கள். பயணிகள் கடக்கும் இடத்தில் தடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, வரிக்கோடு போடுங்கள்.

தரை, ஓரக்கல், மூடிகள்: எவை தவறிப்போகின்றன?

இயந்திரத்தால் போட்ட தார்த்தளமே சிறந்தது. பேவர் பிளாக் சில ஆண்டுகளில் அலையலையாகிவிடும். சஸ்பென்ஷன் இல்லாத வண்டியில் அந்த அதிர்வு முழுவதும் கைக்கும் முதுகுக்கும் போகும். குழாய் பதிக்க எளிது என்று பிளாக் கேட்பார்கள். குழாய்களைத் தடத்துக்கு வெளியே வரையுங்கள்.

தடத்தை ஒட்டிய ஓரக்கல் 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். கீழே வந்த பெடலுக்கும் தரைக்கும் நடுவே இருப்பது சுமார் 10 செ.மீ. மட்டுமே, திரும்பும்போது அதுவும் குறையும். உயரமான கல்லில் பெடல் இடித்தால் ஆள் சாலைப் பக்கம் விழுவார். சரிவாக வெட்டிய கல்லென்றால் சக்கரம் உரசினாலும் மீண்டுவிடலாம். தடம் ஏறி இறங்கும் இடங்களில் கல் தரையோடு தரையாக இருக்க வேண்டும். சாய்வாகக் கடக்கும் சக்கரத்தை 2 செ.மீ. படிகூட வழுக்கிவிடும். வடிகால் மூடியின் கம்பிகள் பயணத் திசைக்குக் குறுக்காக இருக்கட்டும்.

ஏற்றம் எவ்வளவு தாங்கும்?

பாலமோ சுரங்கப்பாதையோ கட்டும்போது 5 சதவீதச் சரிவை 30 மீட்டருக்கு மேல் நீட்டாதீர்கள். 3 சதவீதமென்றால் 80 மீட்டர் வரை போகலாம். சுரங்கப்பாதை மேம்பாலத்தைவிட நல்லது: முதலில் இறங்கும் வேகம், பிறகு ஏற உதவும், மேலும், தலைக்கு மேல் 2.5 மீட்டர் இருந்தால் போதும். மேம்பாலமோ லாரி உயரத்தைத் தாண்ட 5 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். சுரங்கப்பாதை நேராகவும், நுழையும்போதே மறுமுனை தெரியும்படியும், நல்ல வெளிச்சத்தோடும் இருக்க வேண்டும். வளைந்த இருட்டுச் சுரங்கத்தைப் பெண்கள் தவிர்ப்பார்கள், தவிர்ப்பது நியாயமும்தான்.

நிறுத்துமிடம் எப்படி இருக்க வேண்டும்?

தலைகீழ் U வடிவக் குழாயே போதும்: தரையிலிருந்து 75 செ.மீ. உயரம், 70 முதல் 100 செ.மீ. நீளம், கான்கிரீட்டில் புதைத்தது. ஒன்றில் இரண்டு சைக்கிள் நிற்கும். குழாய்களுக்கு நடுவே ஒரு மீட்டர், சுவரிலிருந்து 60 செ.மீ. விடுங்கள். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் நிறுத்தலாம். முன்சக்கரத்தை மட்டும் கவ்வும் தாங்கிகளை வாங்காதீர்கள். சக்கரம் வளையும், சட்டகத்தைப் பூட்ட வழியிருக்காது.

கடை வாசலுக்கு 15–20 மீட்டருக்குள் வையுங்கள். வீடுகளுக்கும் இது பொருந்தும்: சைக்கிளை மூன்று மாடி தூக்க வேண்டியவர் அதை வாங்கவே மாட்டார். ரயில் நிலையங்களில் தேவை எவ்வளவு வளரும் என்பதற்கு, யூட்ரெக்ட் நிலையத்தில் 2019-இல் முழுமையாகத் திறந்த நிறுத்துமிடமே சான்று: 12,500 சைக்கிள்.

கடைக்காரர்கள் எதிர்க்கிறார்கள். என்ன செய்வது?

அவர்கள் பயம் உண்மையானது. வாதாடி வெல்ல முடியாது, எண்ணிக் காட்டலாம். தடம் போடும் முன்பே வாடிக்கையாளர்களிடம் எப்படி வந்தீர்கள், வாரத்துக்கு எத்தனை முறை வருகிறீர்கள், மாதம் எவ்வளவு செலவிடுகிறீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். டொரொன்டோவின் ப்ளூர் தெருவில் 2016-இல் சோதனைத் தடம் போட்டபோது இப்படி முன்னும் பின்னும் கணக்கெடுத்தார்கள். வருகையும் செலவும் கூடியிருந்தன. 2017-இல் நகரமன்றம் தடத்தை நிரந்தரமாக்கியது. முன்கணக்கு இல்லாமல் பின்கணக்கு மட்டும் எடுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சரக்கு இறக்கும் கவலை முற்றிலும் நியாயம். பக்கத் தெருவின் முதல் 15 மீட்டரைச் சரக்கு வண்டிக்கென ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் லாரி தடத்தில்தான் நிற்கும், அது லாரிக்காரரின் தவறல்ல.

பணம் குறைவு. எங்கே தொடங்கலாம்?

தற்காலிகப் பொருள்களில் தொடங்குங்கள். 2020-இல் பாரிஸும் பெர்லினும் பொகோட்டாவும் கூம்புகளும் தடுப்புகளும் வைத்துச் சில வாரங்களில் தடம் பிரித்தன. பொகோட்டாவுக்கு இது புதிதல்ல. 1974-இல் தொடங்கிய வழக்கப்படி, ஞாயிறுதோறும் முதன்மைச் சாலைகளைக் காருக்கு மூடிப் பழகிய ஊர்.

ஒரு பள்ளியையும் ஒரு ரயில் நிலையத்தையும் இணைக்கும் 2–3 கிலோமீட்டரைத் தேர்ந்தெடுங்கள். முதலில் அதன் சந்திப்புகளை வரையுங்கள், நடுப்பகுதியைப் பிறகு. தரையில் போல்ட் போட்டு இறுக்கும் கான்கிரீட் அல்லது ரப்பர் தடுப்புகளை, மழைநீர் ஓட இடைவெளி விட்டு வையுங்கள். வளையும் பிளாஸ்டிக் தூண்களை மட்டும் நம்ப வேண்டாம். வண்டி ஏறி ஒவ்வொன்றாக உடையும், உடைந்த இடத்தில் உடனே ஒரு கார் நிற்கும். ஆறு மாதம் முதல் ஓராண்டு கவனித்து, இடிபடும் இடங்களைத் திருத்தி, பிறகு கல்லில் கட்டுங்கள். ஊர் பழக மூன்று வாரம் போதாது. சோதனைக் காலத்தை முன்கூட்டியே அறிவித்து, நடுவில் எடுக்காமல் இருப்பது தடுப்பைவிட முக்கியம்.

வாடகை சைக்கிள் திட்டம் உதவுமா?

தடம் இருக்கும் ஊரில் நன்றாக உதவும். நிலையங்கள் சுமார் 300 மீட்டருக்கு ஒன்றாக நெருக்கமாக இருக்க வேண்டும். ஊர் முழுக்கத் தூவினால் தோற்கும். சைக்கிள் எண்ணிக்கையைப் போல இரு மடங்கு நிறுத்தக் கொக்கிகள் வையுங்கள். இல்லாவிட்டால் காலையில் நகர மையத்தில் திருப்பித் தர இடம் கிடைக்காது.

பயன் கிடைத்ததா என்று எப்படி அளப்பது?

கட்டுவதற்கு முன்பும், ஓராண்டு கழித்து அதே மாதத்திலும் எண்ணுங்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை, காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம். வானிலையைக் குறித்துவையுங்கள். இணையாக ஓடும் தெருக்களிலும் எண்ணினால்தான் புதியவர்கள் வந்தார்களா, பழையவர்கள் தெரு மாறினார்களா என்று தெரியும். தானியங்கிக் கருவி எண்ணிக்கை மட்டும் சொல்லும். ஆள் நின்று எண்ணினால் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் எத்தனை பேர் என்றும் எழுதலாம். மொத்தம் கூடியும் அவர்கள் பங்கு கூடவில்லையென்றால் எங்கோ ஒரு சந்திப்பு பயமுறுத்துகிறது. பள்ளி விடும் நேரத்தில் போய் நில்லுங்கள். பிள்ளைகள் எந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்களோ, அங்கேதான் அடுத்த வேலை.

பராமரிப்புக்கு என்ன திட்டமிட வேண்டும்?

காரின் சக்கரங்கள் சாலையிலிருந்து தூசியையும் கண்ணாடிச் சில்லையும் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அவை சேருமிடம் தடம். துப்புரவு வண்டியின் அகலத்தைத் தடம் வரையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தடுப்புகளுக்கு நடுவே அது நுழையாவிட்டால் கூட்டுவது நின்றுபோகும், ஓட்டுபவர்கள் சாலைக்குத் திரும்புவார்கள். மரவேர் தூக்கிய தளம், உடைந்த மூடி, அணைந்த விளக்கு ஆகியவற்றுக்கு ஒரே புகார் எண் போதும். மாதம் ஒருமுறை பொறியாளர் முழுத் தடத்தையும் சைக்கிளில் ஓட்டிப் பார்க்கட்டும். ஜீப்பில் போனால் பள்ளம் தெரியாது.